நெடுவில்லும் அதைச் செய்தோரும்

மிதிலையில் இராமன் ஒடித்த வில்லைச் செய்தவன் யாரென்று கேட்டால், இச்சங்கத்தின் மூத்த அங்கத்தவர் பலர் 'விசுவகருமன்' எனத் தயங்காது விடை கூறுவர். வில்லை ஒடித்தவனைப் போற்றிய புராணம் அதனை ஆக்கிய தச்சனையும் மறக்கவில்லை. சரித்திரம் அவ்வளவு நன்றியுடையதன்று. மிசன் பாடசாலையிற் பயின்ற நாம், 1346ஆம் ஆண்டுக் கிரெசிப் போரையும் 1415ஆம் ஆண்டு அஜின்கோட் போரையும் நெட்டுருப் பண்ணியதுண்டு. 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்திலே கடைசி வரிசையில் அட்டைக் கவசம் பூண்டு நின்றதுமுண்டு. அரசர் பெயர் அறிவோம். அஜின்கோட்டிற் போர் நடந்தது ஒக்டோபர் 25ஆம் நாள் என்பதும் அறிவோம். அப்போர்களை வென்று கொடுத்த நெடுவில்லை ஆக்கியவர் யார், எவ்வாறு ஆக்கினர் என்பதை எமக்கு எவரும் சொல்லவில்லை, நாமும் கேட்டோமல்லோம். சென்ற விடுமுறையில் ஒரு வில்லைச் செய்யப் புகுந்து அதனை ஒடித்த பின்னரே அக்கேள்வி எமக்குப் பிறந்தது. (இராமபிரான் ஒடித்ததற்கும் நாம் ஒடித்ததற்கும் உள்ள வேறுபாடு விளக்க வேண்டாதது.)

நெடுவில் என்பது ஒரே மரத்துண்டினாற் செய்யப்பட்டு, ஆளின் உயரமோ அதனினும் மிகுந்த உயரமோ உடைய வில். துருக்கரும் மங்கோலியரும் கொம்பையும் நாரையும் மரத்தோடு ஒட்டிக் கூட்டுவில் செய்தனர். ஆங்கிலேயருக்கு அவ்வொட்டு வேலை வேண்டியிருக்கவில்லை. 'யூ' என்னும் மரம் அதனைத் தானே செய்து வைத்திருந்தது. வில் வளையும்போது இலக்கை நோக்கிய முதுகுப்புறம் இழுபட்டு நீள முயலும். எய்வோனை நோக்கிய வயிற்றுப்புறம் நசுங்கிக் குறுக முயலும். யூ மரத்தின் வெளிறு இழுப்பைத் தாங்கவல்லது. அதன் வைரம் நசுக்கத்தைத் தாங்கவல்லது. ஆகவே, முதுகில் வெளிறும் வயிற்றில் வைரமும் அமையும்படி கழியைப் பிளந்து எடுத்தால் இரண்டு மரங்களை ஒட்டிய பயன் ஒரே மரத்திற் கிடைக்கும்.

இந்த வில்லை ஆளுவோர் வேண்டுமென்று ஆங்கில அரசர் பட்டபாடு பெரிது. 1363இல் மூன்றாம் எட்வேட், திருநாட்களில் உடல்வலியுள்ள ஆண்மக்கள் யாவரும் வில்லே பழகவேண்டும், காற்பந்து முதலிய வீண் விளையாட்டுக்களை விடவேண்டும் எனப் பறைசாற்றுவித்தான். எமது சங்கத்துக் காற்பந்துக் குழுவினர் அக்காலத்தில் அந்நாட்டிற் பிறவாமை அவர் செய்த தவமே. 1472இல் இயற்றிய சட்டமொன்று, வெளிநாட்டுச் சரக்கு ஏற்றிவரும் வணிகர் ஒவ்வொரு தொன் சரக்குக்கும் நான்கு விற்கழிகளைக் கொண்டுவர வேண்டுமென விதித்தது. 1484இல் மூன்றாம் றிச்சாட் காலத்துச் சட்டம், மாம்சி என்னும் இனிப்பு மதுவின் பீப்பா ஒன்றுக்குப் பத்துக் கழிகள் கேட்டது. யூ மிக மெதுவாய் வளர்வது. நேரிய, கணுவற்ற கழி அருமையாகவே கிடைக்கும். ஆல்ப்ஸ் மலைச்சாரற் காடுகளை வெட்டி வெட்டிப் பதினாறாம் நூற்றாண்டின் முடிவில் ஒஸ்திரியாவிலும் பவேரியாவிலும் யூ மரத்தை ஏறக்குறைய ஒழித்துவிட்டனர்.

வில்லாளனுக்குச் சட்டம் உண்டு, மரத்துக்குச் சட்டம் உண்டு. வில் செய்த தொழிலாளனோ ஏட்டில் அரிதாகவே தலைகாட்டுகின்றான். இலண்டனில் 1371இல் வில் செய்வோரும் அம்பு செய்வோரும் தனித்தனிச் சங்கத்தினராய்ப் பிரிந்தனர். ஒருவர் தொழிலை மற்றவர் செய்யலாகாது என வரையறுத்தனர். மாணாக்கன் ஆசானிடம் ஏழாண்டு இருந்து பயிலுவது அந்நகரத்து வழக்கம். அவ்வேழாண்டில் அவன் கற்றது யாது?

1545இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் றொஜர் அஸ்கம், வில்வித்தை பற்றிய முதல் ஆங்கில நூலாகிய 'தொக்சோபிலசு' என்பதை எழுதி எட்டாம் ஹென்றிக்குச் சமர்ப்பித்தார். பின்னர் எலிசபெத்துக்கு ஆசிரியராய் விளங்கியவர் இவரே. வில்லைத் தெரிந்தெடுக்கும் முறை, காக்கும் முறை, காற்றின் போக்கறிந்து எய்யும் முறை எல்லாம் அவர் விரித்துரைத்தார். வில் செய்வோரிடம் அவர் விடுத்த வேண்டுகோளும் அந்நூலில் உண்டு: கழியை நன்றாக உலரவிடுங்கள், வேண்டிய அளவு சூடு காட்டுங்கள், 'ரில்லர்' வேலையைக் குறைவின்றிச் செய்யுங்கள் என்கின்றார். அந்த ரில்லர் வேலை எப்படிச் செய்வதென்று ஒரு வசனமும் இல்லை. அது அவர்கள் தொழில், அவர்களுக்குத் தெரியும் என விட்டுவிட்டார் போலும். இத்தகைய அறிவு ஏட்டில் ஏறாமலே கைமாறுவது எங்குமுள்ள வழக்கம். நம் நாட்டு வேடர், இறைச்சியைக் கொல்லன் பட்டறை அருகே தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பின் வடிவாக ஓர் இலையை வெட்டி அதனோடு வைத்துச் செல்வர் என்று 1681இல் வெளிவந்த தம் நூலில் றொபேட் நொக்ஸ் எழுதியிருக்கின்றார். அங்கே பேச்சே தேவைப்படவில்லை.

ரில்லர் என்பது குறுக்குவில்லின் அடிக்கட்டைக்கு வழங்கிய பெயர். நெடுவில் செய்வோர் அத்தகைய ஒரு சட்டத்தில் நிரையாகப் பற்கள் வெட்டி, அதன் தலையில் வில்லின் பிடியை வைத்து, நாணை முதற் பல்லில் மாட்டித் தூரநின்று பார்ப்பர். இரு கைகளும் ஒத்து வளைகின்றனவா? எவ்விடம் விறைத்து நிற்கின்றது? எவ்விடம் முழங்கால் மடிவதுபோல் மடிகின்றது? விறைத்த இடத்தில் வயிற்றுப்புறத்தை மட்டும் சிறிது சீவி, மெதுவாகப் பலமுறை இழுத்துவிட்டு, மறுபடியும் பார்ப்பர். ஒத்து வளைந்தாலன்றி நாணை அடுத்த பல்லுக்கு இறக்கார். முதுகைத் தொடுவதேயில்லை, அங்கே ஒரு வளையத்து நார் அறுபட்டாலும் வில் அவ்விடத்தே பிளக்கும். பகைவர் வணக்கத்துக்கு வில்லின் வணக்கத்தை உவமை காட்டினார் திருவள்ளுவர். வில்லின் வணக்கத்தை நம்பாதவருள் முதல்வன் அதனைச் செய்பவனே எனத் தோன்றுகின்றது.

இதிலே கணக்கொன்று உண்டு. கழியின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதமாயும் தடிப்பின் முப்படிக்கு நேர்விகிதமாயும் அமையும். அகலத்திற் பத்திலொரு பங்கைக் குறைத்தால் விறைப்பும் பத்திலொரு பங்கே குறையும். தடிப்பில் அதேயளவு குறைத்தாலோ விறைப்பில் நான்கிலொரு பங்குக்கு மேற் போய்விடும். வில்லின் நுனியருகே அரை அங்குலத் தடிப்பில் பத்திலொன்று என்பது எவ்வளவு? தடித்த மட்டை ஒன்றின் கனம். சீவுளியை இரண்டு மூன்று தரம் அழுத்தி ஓட்டினால் முடிந்தது. சீவிய மரத்தைத் திரும்ப ஒட்டவும் இயலாது. பல்கலைக்கழகத்தில் முப்படி விகிதம் படித்த நமக்கு, அது கைக்கு எட்டியது கட்டை ஒடிந்த அன்றுதான்.

எமது கட்டை பூவரசு. வேலியில் வெட்டி ஓராண்டு நிழலிற் கிடந்தது. ஐந்தரை அடி நீளத்துக்குக் கைக்கோடரியாற் செதுக்கிச் சீவுளி பிடித்தோம். முதல் மூன்று நாளும் அது உலக்கைபோல் வளையாது கிடந்தது. அந்த எரிச்சலில் நாலாம் நாள் அளவுக்கு மிஞ்சிச் சீவிவிட்டோம். கீழ்க்கையின் நடுவில் ஒரு முடக்கு விழுந்தது. நாமோ அதனைக் காணவில்லை. வில் வளைகின்றதே என்ற ஆனந்தத்தில் இருந்தோம். அயலிலுள்ள வயோதிபத் தச்சர் ஒருவர் படலையைத் திறந்து வந்து சற்று நேரம் பார்த்தார். வாழ்நாளில் வில் செய்தவரல்லர். "தம்பி, இவ்விடம் மெலிஞ்சு போச்சு. இனி இதிலை கை வையாதையும். மற்ற இடமெல்லாம் சீவி இதுக்குச் சமனாக்கும்," என்றார். ஆங்கில விற்செய்வோன் சொல்லியிருக்கக் கூடியதும் இதுவே. மெலிந்த இடத்தை விட்டு, மற்றதையெல்லாம் அதன் நிலைக்கு இறக்குவதன்றி வேறு பரிகாரமில்லை. அவ்வாறே இரண்டு நாள் உடைந்த கண்ணாடித்துண்டாற் சுரண்டினோம். வில் அழகாகத்தான் வந்தது. வலுவோ நினைத்ததிற் பாதியாய்விட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். இருபத்தெட்டு அங்குலம் இழுத்துப் பார்க்கவேண்டுமென்ற ஆசை விடவில்லை. முடக்கு விழுந்த இடத்தில், வயிற்றுப்புறத்திலே மயிரிழைபோற் சில குறுக்குக் கோடுகள் தோன்றியதைக் கண்டும், அழுக்கென எண்ணித் துடைத்தோம். அவை நசுங்கி முறிந்த நார்கள். புதுவில் எவ்விடத்தில் மிகுதியாய் வளைகின்றதோ அவ்விடத்துக்கு வேளையோடு பரிகாரம் தேடுக, இல்லையேல் நசுங்கிக் கோடு விழும் என்று அஸ்கம் எச்சரித்திருந்ததை அதன் பின்னரே படித்தோம். ஓசை கேட்டு வீட்டார் ஓடிவந்தனர். துண்டொன்று கிணற்றடியிற் கிடந்தது.

இங்கிலாந்தில் இத்தொழில் மறைந்ததற்கு வெடிமருந்து மட்டும் காரணமன்று. துப்பாக்கியைச் சில கிழமையிற் பழக்கலாம். போர்வில்லைப் பழகச் சிறுவயதிலிருந்தே தோளை ஆக்கவேண்டும். 1595இல் அரசியின் ஆலோசனைச் சபை, பயிற்சிப் படையினர் வில்லோடு வந்தால் ஏற்கவேண்டாமெனக் கட்டளையிட்டது. 1781இல் இலண்டனிற் பிரபுக்கள் வில்வித்தைக் கழகம் அமைத்தபோது அவர்கள் பிடித்தவை புல்வெளி விளையாட்டுக்கேற்ற மெல்விற்கள். போர்வில்லைச் சீவிய கை அதற்கு முன்பே மண்ணாகிவிட்டது. அதனாலேயே ஒரு விசித்திரம் நேர்ந்தது.

அஸ்கம் நூலை வெளியிட்ட அதே 1545இல், யூலை 19ஆம் நாள், 'மேரி றோஸ்' என்னும் போர்க்கப்பல் போட்ஸ்மவுத் துறைக்கு அண்மையில் மூழ்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூழ்காளர் அதிலிருந்து சில விற்களை எடுத்தனர். 1982 ஒக்டோபர் 11இல் கப்பலின் எஞ்சிய உடலே வெளியே தூக்கப்பட்டது. பெட்டிகளில் அடுக்கியபடியே கிடந்த விற்களோடு, முழுமையாகக் கிடைத்தவை 137. அம்புகள் மூவாயிரத்தைந்நூறுக்கு மேல். அவ்விற்கள் சராசரி ஆறரை அடி நீளம். அவற்றின் தடிப்பைக் கண்டு, இவை முடிந்த விற்களாக இரா, பின்னர் சீவி முடிப்பதற்கென வைத்த கழிகளே என ஐயுற்றாரும் உளர். எவராலும் இழுக்க இயலாதன என்பது அவர் எண்ணம். அவற்றைப் போலப் புதிதாகச் செய்து இழுத்தும், கணிதமுறையாற் கணித்தும் பார்த்தபோது 100 முதல் 185 இறாத்தல் வரை விசை வந்தது. இன்றைய ஒலிம்பிக் வில்லாளர் இழுப்பது ஐம்பது இறாத்தலளவே. நுனிகளிலே கொம்பு செருகியிருந்த தடம் காணப்படுகின்றது. இரு கைகளும் ஒரே சீராக மெலிந்து செல்லுகின்றன. ஐயமில்லை, அவை முடிந்த விற்களே. கழி என எண்ணியது எமது காலத்துத் தோளின் மெலிவையே காட்டிற்று. பல விற்களின் பிடியருகே சிறு புள்ளிகளும் கோடுகளுமாகக் குத்திய அடையாளங்கள் உள்ளன. அவை வில் செய்தோர் இட்டவை எனக் கருதுகின்றனர். பெயர்கள் இல்லை, புள்ளிகள் உள்ளன.

அமெரிக்காவிலே இக்கலை மீண்டும் கைக்கு வந்த கதை வேறு. 1911இல் கலிபோர்னியாவின் ஒறோவில் என்னுமிடத்தில், தன் இனத்தார் யாவரும் அழிந்துபோகத் தனித்து எஞ்சிய யாகி இனத்தவர் ஒருவர் வெளிப்பட்டார். தம் பெயரை அவர் சொல்லவில்லை. மனிதன் என்று பொருள்படும் 'இஷி' என்ற சொல்லால் அவரை அழைத்தனர். சான்பிரான்சிஸ்கோ நூதனசாலையில் அவர் தங்கியிருந்தபோது, சக்ஸ்ரன் போப் என்னும் சத்திரவைத்தியர் நண்பராகி, அவரிடம் வில்லும் அம்பும் செய்யக் கற்றார். இஷி செய்தது முதுகில் நரம்பு ஒட்டிய குறுவில். 1916இல் அவர் காசநோயால் இறந்த பின், போப் ஆங்கில முறையிலான யூ நெடுவில்லைத் தாமே செய்து பழகி, 1923இல் வெளியிட்ட நூலிலே அதன் செய்முறையைப் படிப்படியாக எழுதினார். அஸ்கம் எழுதாது விட்டதை, பல நூற்றாண்டின் பின் வேறொரு கண்டத்தில், கத்தி பிடிக்கும் வைத்தியர் எழுதினார். அதன் பின்னரே எம்போன்ற கற்றுக்குட்டிகள் துணிந்து கட்டையை எடுக்கின்றனர்.

மிகப் பழைய யூ விற்களுள் ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். 1991 செப்டெம்பரில் இத்தாலி, ஒஸ்திரிய எல்லையிலுள்ள பனிமலையில், ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவனின் உடல் பனியினின்றும் வெளிப்பட்டது. செப்புக் கோடரி அருகே கிடந்தது. அம்பறாத்தூணியிற் பதினான்கு அம்புகள். அவற்றுள் இரண்டே முடிந்தவை. பத்தாண்டின் பின் எடுத்த கதிர்ப்படம் அவனது இடத்தோளிற் புதைந்திருந்த கல்லம்பு முனையைக் காட்டியது. ஆறடி நீளமான யூ வில் ஒன்றும் உடனிருந்தது. அவனுடைய பழைய வில் என்னவாயிற்றென்று தெரியாது; இது புதியது. கழியின் மேல் அடுக்கடுக்காக விழுந்த வெட்டுத் தடங்கள் அப்படியே இருக்கின்றன. நாண் மாட்டும் வெட்டு இல்லை. அவன் அதனை இன்னும் ஒருமுறையேனும் வளைத்துப் பார்க்கவில்லை.