பெயர் கேட்காத அட்டை

1997 செப்டம்பரில் ஹாங்காங்கில் ‘ஆக்டோபஸ்’ பயணக் கட்டண அட்டை அறிமுகமானது. உள்ளே சோனியின் ‘ஃபெலிகா’ சில்லு. கைப்பையைத் திறக்கக்கூட வேண்டாம். பையோடு கருவிமேல் வைத்தால் ஒரு நொடிக்குள் கட்டணம் கழிந்துவிடும். சரியான சில்லறை இல்லாமல் பேருந்து வாசலில் தடுமாறியவர்களுக்கு வேறென்ன வேண்டும்? ரயில், பேருந்து தாண்டி பல்பொருள் அங்காடி, வாகன நிறுத்தம் வரை பரவியது.

சாதாரண அட்டைக்குப் பெயரே தேவையில்லை. தொலைந்தால் போவது பணம் மட்டும்.

வினை, அட்டையோடு சேர்ந்த சலுகைப் புள்ளிகளின் வழியே வந்தது. அவற்றுக்காகப் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்த சுமார் 20 லட்சம் பேரின் விவரங்கள் காப்பீட்டு நிறுவனம் உள்ளிட்ட வணிகர்களுக்குக் கைமாறியது 2010இல் அம்பலமானது. இதில் ஆக்டோபஸ் நிறுவனத்துக்கு வருமானம் 4.4 கோடி ஹாங்காங் டாலர்! முதலில் மறுத்த அந்நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். இதையடுத்து 2012இல் தனியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது.

அட்டையைப் பயன்படுத்துவோர் கூட்டம் மட்டும் குறையவில்லை. 2020இல் ஆக்டோபஸ் ஐபோனுக்குள்ளும் குடியேறியது.