கம்போட்

கம்போட் என்பது கம்போடியாவின் தென் பகுதியில், தாய்லாந்து வளைகுடாவுக்கு அண்மையில் அமைந்துள்ள ஓர் ஆற்றங்கரை நகரம் ஆகும். இது கம்போட் மாகாணத்தின் தலைநகரமாகும். நாட்டின் தலைநகரான புனோம் பென்னில் இருந்து தென்மேற்கே ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மிளகு, உப்பு, துரியான் பழம் ஆகியவற்றுக்கு இந்நகரம் பெயர் பெற்றது.

ஒரு காலத்தில் கம்போடியாவின் முதன்மைக் கடல் துறைமுகமாக விளங்கிய கம்போட், 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் அந்நிலையை இழந்தது. தொடர்ந்து வந்த போர்க்காலத்தில் அதன் மிளகுத் தோட்டங்களும் பெரும்பாலும் அழிந்தன. பயணிகள் இன்று விரும்பிவரும் இந்நகரின் அமைதியும் பழைய கட்டடங்கள் நிறைந்த தோற்றமும் பெருமளவுக்கு இவ்விழப்புகளின் விளைவாக எஞ்சியவையே.

பெயர்

கம்போடிய மொழியான கெமரில் மாகாணம், நகரம் ஆகிய இரண்டுக்கும் கம்போட் என்பதே பெயர். ஆறு பிரேக் தெக் சூ என்று அழைக்கப்படுகிறது. கம்போங் பே ஆறு என்ற பெயரும் வழக்கில் உண்டு. "பிரேக்" என்பது கெமர் மொழியில் சிற்றாற்றையும், "கம்போங்" என்பது படகுத்துறையை ஒட்டிய ஊரையும் குறிக்கும்.

புவியியல்

நகரம் ஆற்றின் கீழைக் கரையில், கழிமுகத்தில் இருந்து சுமார் 5 கிலோமீட்டர் உள்ளே அமைந்துள்ளது. வடமேற்கே யானை மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. கெமர் மொழியில் இதனைப் புனோம் தம்ரெய் என்பர். அதன் தென் முனையில் உள்ள போக்கோர் மேட்டுநிலம் கடல் மட்டத்தில் இருந்து 1,000 மீட்டருக்கு மேல் உயரமானது. கடலில் இருந்து வரும் ஈரக்காற்றை இம்மலை தடுப்பதனால் இப்பகுதியில் நல்ல மழை பெய்கிறது.

ஆறு மலையில் பாறைகளின் ஊடாக விரைந்து இறங்கி, சமவெளியை அடைந்ததும் அகன்று மெதுவாக ஓடுகின்றது. நகரத்தை அடையும்போது அது கடலின் ஏற்றவற்றத்துக்கு உட்பட்டதாகிவிடுகிறது. இதனால் வறண்ட பருவத்தில் நகரத்தருகே நீர் உவர்ப்பாக இருக்கும். கரையோரக் கிளை ஓடைகளின் இரு மருங்கிலும் நிப்பாப் பனைகள் அடர்ந்து வளர்கின்றன. இவற்றின் ஓலைகள் கூரை வேய்வதற்குப் பயன்படுகின்றன.

தட்பவெப்பம் பருவக்காற்று சார்ந்தது. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். மிளகு அறுவடை, உப்பு விளைச்சல் ஆகிய இரண்டும் வறண்ட காலத்தையே நம்பியுள்ளன.

வரலாறு

பண்டைக்காலம்

நகருக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், வயல்களின் நடுவே நிற்கும் புனோம் சிங்கோக் என்னும் சுண்ணாம்புப் பாறைக் குன்றின் குகைக்குள் செங்கற் கோயில் ஒன்று உள்ளது. இது கி.பி. 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, சிவனுக்கு உரியது. அங்கோர் பேரரசு தோன்றுவதற்கு முற்பட்ட இக்கோயில், குகைக்குள் மழையும் வெயிலும் படாமையால் பெரிதும் சிதையாமல் உள்ளது. குகைக் கூரையில் இருந்து இறங்கி வளர்ந்த சுண்ணாம்பு விழுது கோயிலின் மேற்பகுதியோடு இணைந்திருப்பதை இன்றும் காணலாம்.

துறைமுகம்

மேக்கொங் ஆற்றின் கழிமுகப் பகுதி வியட்நாமியர் வசமான பின்னர், கெமர் அரசுக்கு நேரடியாகக் கடலை அடையும் வழிகள் மிகக் குறைவாகவே இருந்தன. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட மன்னர் ஆங் துவோங், அன்றைய தலைநகரான உடோங்கில் இருந்து கம்போட்டுக்குச் சாலை அமைத்தார். இத்துறைமுகம் வழியாகச் சிங்கப்பூருடன் வணிகம் நடைபெற்றது. சீனர், வியட்நாமியர், மலாயர், சாம் இனத்தவர் ஆகியோர் இங்கு குடியேறினர்.

1863 இல் கம்போடியா பிரான்சின் காப்புநாடாகியது. அதன் பின்னர் கம்போட் தென்கடற்கரைப் பகுதியின் நிருவாக மையமாக அமைந்தது. ஆற்றங்கரையில் ஆளுநர் மாளிகை, சந்தை, சிறைச்சாலை, பாலம் என்பன கட்டப்பட்டன. சீன வணிகர்கள் கீழே கடையும் மேலே வீடுமாக வரிசைக் கட்டடங்களை எழுப்பினர். ஆயினும் பிரெஞ்சுக்காரரின் பெருவணிகம் மேக்கொங் வழியாகச் சைகோனுக்கே சென்றது. கம்போட்டின் துறையில் வண்டல் படிந்து ஆழம் குறைந்திருந்ததால் பெரிய கப்பல்கள் உள்ளே வர இயலவில்லை.

நாடு 1953 இல் விடுதலை பெற்ற பின்னர், 1955 இல் மேற்கே ஆழ்கடல் துறைமுகம் ஒன்றின் பணிகள் தொடங்கின. 1960 இல் திறக்கப்பட்ட அத்துறைமுகமே சிகனூக்வில் ஆகும். கப்பல்களும் பண்டசாலைகளும் அங்கு சென்றன. கம்போட் மீன்பிடிப் படகுகளின் துறையாகச் சுருங்கியது.

போர்க்காலம்

உள்நாட்டுப் போரின்போது, 1974 பெப்ரவரி இறுதியில் இருந்து ஏப்ரல் தொடக்கம் வரை கம்போட்டைக் கைப்பற்றக் கெமர் ரூச் படைகள் கடும் தாக்குதல் நடத்தின. அரச படைகள் அப்போது நகரைத் தக்கவைத்துக் கொண்டன. ஆனால் 1975 ஏப்ரலில் நாடு முழுவதும் கெமர் ரூச் வசமானது. நகர மக்கள் நாட்டுப்புறங்களுக்கு வெளியேற்றப்பட்டனர். 1979 இல் வியட்நாமியப் படைகள் நுழைந்தபோது போக்கோர் மேட்டுநிலத்தில் கெமர் ரூச் படையினர் பல மாதங்கள் எதிர்த்து நின்றனர்.

போர் அத்துடன் ஓயவில்லை. மாகாணத்தின் மலைப்பகுதிகளில் கெமர் ரூச் குழுக்கள் 1990களிலும் இயங்கின. 1994 யூலையில் புனோம் பென்னில் இருந்து வந்த தொடருந்து ஒன்று இம்மாகாணத்தில் தாக்கப்பட்டது. கம்போடியப் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். கடத்திச் செல்லப்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் மூவரும் பின்னர் கொலை செய்யப்பட்டனர். ஆற்றங்கரையில் அமைதி நாடி வெளியார் வரத் தொடங்கியது இதன் பின்னர்தான்.

மக்கள்

பெரும்பான்மையினர் கெமர் இனத்தவர், தேரவாத பௌத்தர். சீன வழியினர் பலரும் வியட்நாமியரும் வாழ்கின்றனர். ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய மீனவர் ஊர்களில் இசுலாமியரான சாம் இனத்தவர் கணிசமாக உள்ளனர். மாலையில் கணவாய் பிடிக்கும் படகுகள் வரிசையாகக் கடலுக்குச் செல்வதும், இரவில் அவற்றின் விளக்குகள் தொலைவில் தெரிவதும், விடியற்காலையில் அவை ஆற்றினுள் திரும்புவதும் நகரின் அன்றாடக் காட்சிகள். ஆற்றங்கரை விடுதிகளில் தங்குவோருக்கு இது ஓய்வுக் காட்சி. படகில் உள்ளோருக்கு இது இரவு முழுவதும் நீளும் உழைப்பு.

பொருளாதாரம்

மிளகு

மிளகுக் கொடியின் தாயகம் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையாகும். மிளகுக்கான "மிரேச்" என்னும் கெமர்ச் சொல், வடமொழியின் "மரிச" என்பதில் இருந்து வந்தது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கோருக்கு வந்த சீனத் தூதுக்குழுவினரான சவு தாகுவான், அந்நாட்டில் மிளகு விளைவதைக் குறிப்பிட்டுள்ளார். கம்போட்டில் பெருந்தோட்டங்கள் உருவானது 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆகும். இவற்றைப் பெரும்பாலும் ஐனான் தீவில் இருந்து வந்த சீனர் அமைத்தனர். குடியேற்றக் காலத்தில் பிரான்சில் நுகரப்பட்ட மிளகின் பெரும்பங்கு இந்தோசீனாவில் இருந்தே சென்றது.

1975 க்கும் 1979 க்கும் இடையில் நிலம் முழுவதும் நெல்லுக்கே உரியதென அறிவிக்கப்பட்டதால் மிளகுத் தோட்டங்கள் கைவிடப்பட்டன. பயிரிட்டோரில் பலர் இறந்தனர், மற்றவர் சிதறினர். போருக்குப் பின் ஊர் திரும்பிய சில குடும்பங்கள் எஞ்சிய கொடிகளில் இருந்து துண்டுகளை வெட்டி நட்டு மீண்டும் தொடங்கின. கொடி காய்ப்பதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால் மீட்சி மெதுவாகவே நிகழ்ந்தது.

கொடிகள் 3 முதல் 4 மீட்டர் உயரமுள்ள கம்பங்களில் ஏற்றப்படுகின்றன. இளங்கொடிகளுக்குப் பனையோலையால் நிழல் அமைப்பர். மாட்டுச் சாணமும் வௌவால் எச்சமும் உரமாகின்றன. ஒரே கொடியில் இருந்து நான்கு வகை மிளகு கிடைக்கின்றது:

பச்சை மிளகு: முற்றாத காய். சரத்தோடு பறித்து உடனே சமையலுக்குப் பயன்படுத்துவது.
கருமிளகு: முற்றிய காயை வெயிலில் உலர்த்துவது.
செம்மிளகு: கொடியிலேயே சிவந்து பழுத்ததைத் தனித்தனியே தெரிந்தெடுத்து உலர்த்துவது.
வெண்மிளகு: பழுத்ததை நீரில் ஊறவைத்துத் தோலை நீக்கி உலர்த்துவது.

கம்போட் மிளகு 2010 இல் கம்போடிய அரசின் புவிசார் குறியீட்டையும், 2016 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பையும் பெற்றது. இவ்வாறு ஐரோப்பாவில் பாதுகாக்கப்பட்ட முதலாவது கம்போடிய விளைபொருள் இதுவே. கம்போட், கெப் ஆகிய இரு மாகாணங்களில் குறிப்பிட்ட மாவட்டங்களில் விளைவது மட்டுமே இப்பெயரில் விற்கப்படலாம். வறட்சியும் பருவம் தவறிய மழையும் அண்மைக் காலத்தில் பயிரிடுவோருக்கு இழப்பை ஏற்படுத்தி வருகின்றன.

உப்பு

கம்போடியாவின் உப்பு விளைச்சல் கம்போட், கெப் கடற்கரைகளிலேயே நடைபெறுகின்றது. கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் காயவைத்து, படிந்த உப்பை வாரிக் குவிக்கின்றனர். சுமைகளைக் காவடியில் இரு கூடைகளாகத் தூக்கிச் செல்வது வழக்கம். விளைச்சல் காலத்தின் நடுவே ஒரு நாள் மழை பெய்தாலும் பல நாள் உழைப்பு கரைந்துவிடும். கடற்கரை நிலத்தின் விலை உயர்ந்ததனால் உப்பளங்கள் சில கட்டட மனைகளாக மாறியுள்ளன.

மின்சாரமும் ஆறும்

நகருக்கு வடக்கே மலைப்பகுதியில் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கம்ச்சாய் அணை 2011 திசம்பரில் திறக்கப்பட்டது. சீன நிறுவனம் ஒன்று கட்டி இயக்கும் இதன் திறன் ஏறத்தாழ 193 மெகாவாட். நாட்டின் முதலாவது பெரிய நீர்மின் அணை இதுவாகும். மின்சாரப் பற்றாக்குறை மிகுந்திருந்த நாட்டுக்கு இது பயன் தந்தது. அதே வேளை போக்கோர் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி நீரில் மூழ்கியது. அங்கு மூங்கில் வெட்டிக் கூடை முடைந்து பிழைத்த குடும்பங்கள் மூங்கிலுக்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டியதாயிற்று.

போக்கோர்

வெப்பம் தாங்காத பிரெஞ்சு அதிகாரிகள் 1920களில் போக்கோர் மேட்டுநிலத்தில் மலை வாழிடம் ஒன்றை அமைத்தனர். அங்குள்ள பெரிய விடுதி 1925 இல் திறக்கப்பட்டது. மலைப்பாதை அமைக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்ட தொழிலாளர் பலர் நோயாலும் கடும் உழைப்பாலும் உயிரிழந்தனர். 1940களின் இறுதியிலும் பின்னர் 1972 இலும் அவ்விடம் கைவிடப்பட்டது. பனிமூட்டத்தில் பாழடைந்து நின்ற விடுதியும் தேவாலயமும் பல ஆண்டுகள் பயணிகளை ஈர்த்தன. 2002 இல் வெளியான "சிட்டி ஆஃப் கோஸ்ட்சு" என்ற திரைப்படத்தின் காட்சிகள் இங்கு எடுக்கப்பட்டன.

1993 இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2007 இல் மேட்டுநிலத்தின் பெரும்பகுதி தனியார் நிறுவனம் ஒன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. அதன் பின்னர் புதிய சாலை, சூதாட்ட விடுதி, குடியிருப்புகள் ஆகியன எழுந்தன. பழைய விடுதியும் புதுப்பிக்கப்பட்டு 2018 இல் மீண்டும் திறக்கப்பட்டது.

சுற்றுலா

கம்போட்டில் பெரிய நினைவுச்சின்னங்களோ நகருக்குள் கடற்கரையோ இல்லை. ஆற்றங்கரையில் நடத்தல், படகில் செல்லல், மிதிவண்டியில் உப்பளங்களையும் மிளகுத் தோட்டங்களையும் காணல் என்பனவே இங்கு வருவோரின் பொழுதுபோக்கு. குறிப்பிடத்தக்க இடங்கள் வருமாறு:

பழைய பாலம்: பிரெஞ்சுக்காரரால் கட்டப்பட்டது. போர்க்காலத்தில் தகர்க்கப்பட்டுப் பின் வெவ்வேறு வடிவப் பகுதிகளால் இணைக்கப்பட்டதால், அதன் தோற்றமே போரின் பதிவாக உள்ளது.
பழைய சந்தையும் வரிசைக் கடைவீடுகளும்: குடியேற்றக் காலக் கட்டடங்கள். பல இன்று உணவகங்களாகவும் விடுதிகளாகவும் உள்ளன.
துரியான் சுற்றுவட்டம்: நகர மையத்தில் பெரிய துரியான் பழச் சிலை நிற்கும் சந்தி.
தெக் சூ நீரோட்டம்: ஆறு பாறைகளிடையே பாயும் இடம். நீரின் மேல் அமைந்த குடில்களில் ஏணைகள் கட்டப்பட்டிருக்கும். நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே வரும் கெமர்ப் புத்தாண்டில் உள்ளூர்க் குடும்பங்கள் இங்கு திரள்கின்றன.
கெப்: சுமார் 25 கிலோமீட்டர் தென்கிழக்கே உள்ள கடற்கரை நகரம். பச்சை மிளகுச் சரத்துடன் வறுத்த நண்டு இதன் சிறப்பு உணவு.

இருள் கவிந்த பின் கரையோர மரங்களில் மின்மினிகளைக் காணப் படகுகள் செல்கின்றன. வறண்ட காலமே வருகைக்கு ஏற்றது. மிளகு அறுவடையைக் காண விரும்புவோர் பெப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் வருவர். கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் செல்வோர் தோளும் முழங்காலும் மறையுமாறு உடுத்துதல் மரபு.

போக்குவரத்து

புனோம் பென்னில் இருந்து 3 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியாக வரலாம். 1960களில் அமைக்கப்பட்ட புனோம் பென் - சிகனூக்வில் தொடருந்துப் பாதை கம்போட் வழியே செல்கின்றது. நெடுங்காலம் நின்றிருந்த பயணிகள் சேவை 2016 இல் மீண்டும் தொடங்கியது.

அண்மைக்கால மாற்றங்கள்

கம்போட் கடற்கரையில் புதிய பன்னோக்குத் துறைமுகம் ஒன்றின் பணிகள் 2022 இல் தொடங்கின. புனோம் பென்னைக் கெப் கடற்கரையுடன் இணைக்கும் 180 கிலோமீட்டர் நீளப் புனான் தெச்சோ கால்வாய்த் திட்டம் 2024 ஆகத்தில் தொடக்கி வைக்கப்பட்டது. இக்கால்வாய் கம்போட் மாகாணத்தின் ஊடாகச் செல்லும். ஆங் துவோங் காலத்தில் இருந்ததைப் போன்று நாட்டின் கடல்வணிகத்தைத் தன் துறைகள் வழியே நடத்துவது இவற்றின் நோக்கம். வேலைவாய்ப்பு பெருகும் என்பது உள்ளூர் மக்களின் எதிர்பார்ப்பு. அதே நேரம் மீன்பிடி, உப்பளம், மிளகு, ஆற்றங்கரைச் சுற்றுலா ஆகிய நான்கும் இதே நிலத்தையும் நீரையும் நம்பியே உள்ளன. 1960 இல் கப்பல்கள் விலகிச் சென்றதனால் எஞ்சிய நகரம், அவை திரும்பி வரும்போது எவ்வாறு மாறும் என்பதே கம்போட்டின் முன்னுள்ள கேள்வியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

மிளகு
கெமர் ரூச்
சிகனூக்வில்
தாய்லாந்து வளைகுடா