இன்டர்போல் தகவல் பகிர்வு

இன்டர்போல் தகவல் பகிர்வு என்பது, இன்டர்போல் எனப்படும் பன்னாட்டுக் குற்றவியல் காவல் அமைப்பின் வழியாக உறுப்பு நாடுகளின் காவல்துறைகள் தேடப்படுவோர், பயண ஆவணங்கள், கைரேகைகள், ஆயுதங்கள் முதலியன பற்றிய தகவல்களைப் பரிமாறிக்கொள்ளும் முறையாகும். இவ்வமைப்பில் 196 நாடுகள் உறுப்புரிமை பெற்றுள்ளன. இதன் தலைமையகம் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் அமைந்துள்ளது. பயங்கரவாதச் செயல்களைத் தடுப்பது இத்தகவல் பகிர்வின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்றாகும்.

இன்டர்போலுக்கெனக் கைது செய்யும் அதிகாரம் கொண்ட காவலர்கள் இல்லை. திரைப்படங்களில் காட்டப்படுவதுபோல் அதன் அலுவலர்கள் நாடு நாடாகச் சென்று குற்றவாளிகளைப் பிடிப்பதில்லை. ஒரு நாடு அளிக்கும் தகவலை மற்ற நாடுகளுக்குக் கொண்டுசேர்ப்பதே அதன் பணி. எனவே இம்முறையின் பயன், தகவலை அளிக்கும் நாட்டையும் அதனைச் சரிபார்த்துச் செயல்படும் நாட்டையும் பொறுத்தே அமைகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

1914 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மொனாக்கோவில் முதலாவது பன்னாட்டுக் குற்றவியல் காவல் மாநாடு நடைபெற்றது. அதில் 24 நாடுகளின் பேராளர்கள் கலந்துகொண்டனர். முதலாம் உலகப் போரின் காரணமாகத் தடைப்பட்ட இம்முயற்சி, 1923 இல் வியன்னாவில் பன்னாட்டுக் குற்றவியல் காவல் ஆணையம் என்ற பெயரில் உருப்பெற்றது. 1938 இல் ஆஸ்திரியாவை செருமனி இணைத்துக்கொண்டபோது இவ்வமைப்பு நாட்சிகளின் கட்டுப்பாட்டுக்குள் சென்றது. 1942 இல் அதன் தலைமையகம் பெர்லினுக்கு மாற்றப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1946 இல் பாரிசைத் தலைமையிடமாகக் கொண்டு அமைப்பு மீண்டும் தொடங்கப்பட்டது. நிறங்களால் வேறுபடுத்தப்படும் அறிவிப்பு முறையும் அவ்வாண்டிலேயே அறிமுகமானது. 1956 இல் புதிய அமைப்பு விதிகளும் இன்றைய பெயரும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. தலைமையகம் 1989 இல் லியோன் நகருக்கு மாறியது. 2015 இல் சிங்கப்பூரில் புத்தாக்கத்துக்கான வளாகம் ஒன்று திறக்கப்பட்டது.

மூன்றாம் விதியும் பயங்கரவாதமும்

அரசியல், இராணுவ, சமய, இன அடிப்படையிலான எந்தச் செயலிலும் அமைப்பு ஈடுபடுவதை அமைப்பு விதிகளின் மூன்றாம் விதி முற்றாகத் தடை செய்கிறது. ஒரு நாட்டில் பயங்கரவாதியாகக் கருதப்படுபவர் மற்றொரு நாட்டில் அரசியல் எதிர்ப்பாளராகக் கருதப்படலாம் என்பதால், இவ்விதியின் காரணமாகப் பயங்கரவாத வழக்குகளில் இன்டர்போல் நீண்ட காலம் ஒதுங்கியே இருந்தது.

1984 இல் லக்சம்பர்க்கில் கூடிய பொதுச்சபை இந்நிலையை மாற்றியது. குற்றத்தின் அரசியல் நோக்கத்தைவிட அதன் வன்முறைத் தன்மை மேலோங்கி நிற்கும்போது ஒத்துழைப்பு அளிக்கலாம் என்ற விளக்கம் ஏற்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள், 1986 மே மாதத்தில், பாரிசுக்கு அருகில் சென் குளூவில் இருந்த இன்டர்போல் தலைமையகமே தாக்குதலுக்கு உள்ளானது.

ஒசாமா பின் லாதினைக் கைது செய்யக் கோரும் முதல் இன்டர்போல் அறிவிப்பு 1998 ஏப்ரலில் லிபியாவின் வேண்டுகோளின்பேரில் வெளியிடப்பட்டது. கென்யாவிலும் தான்சானியாவிலும் அமெரிக்கத் தூதரகங்கள் தாக்கப்படுவதற்கு ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு முன்னர் இது நிகழ்ந்தது.

2001 செப்டம்பர் 11 தாக்குதல்களை அடுத்து, இரவும் பகலும் இயங்கும் ஒருங்கிணைப்பு மையம் அமைக்கப்பட்டது. அதே மாதம் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1373 ஆம் தீர்மானம், பயங்கரவாதிகளின் நடமாட்டம் பற்றிய தகவல் பரிமாற்றத்தைத் தீவிரப்படுத்துமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

செயல்படும் முறை

ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் தேசிய மத்தியப் பணியகம் ஒன்று உள்ளது. இது அந்நாட்டின் காவல்துறையினராலேயே நடத்தப்படுகிறது. ஒரு நாட்டின் காவலர் வேறொரு நாட்டிடம் தகவல் கேட்க விரும்பினால், தம் நாட்டுப் பணியகத்தின் வழியாகக் கேட்க வேண்டும். இப்பணியகங்களையும் லியோனிலுள்ள பொதுச் செயலகத்தையும் ஐ-24/7 எனப்படும் பாதுகாப்பான மின்னணு வலையமைப்பு இணைக்கிறது. இது 2003 இல் செயல்படத் தொடங்கியது. இதில் முதலில் இணைந்த நாடு கனடா ஆகும்.

பகிரப்படும் தகவலின் உரிமை அதனை அளித்த நாட்டிடமே இருக்கும். எந்தெந்த நாடுகள் அதனைப் பார்க்கலாம் என்பதை அந்நாடு வரையறுக்கலாம். எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் அல்லது நீக்கலாம். பகைமை கொண்ட நாடுகளும் ஒரே அமைப்பில் நீடிப்பதற்கு இவ்வேற்பாடு துணைபுரிகிறது.

அறிவிப்புகள்

உறுப்பு நாடுகளின் வேண்டுகோளின்பேரில் பொதுச் செயலகம் வெளியிடும் அறிவிப்புகளில் முக்கியமானவை பின்வருமாறு:

- சிவப்பு: தேடப்படும் ஒருவரைக் கண்டறிந்து, நாடுகடத்தும் நோக்கில் தற்காலிகமாகக் கைது செய்யக் கோருவது.
- நீலம்: ஒருவரின் அடையாளம், இருப்பிடம், நடவடிக்கைகள் பற்றிய தகவலைக் கோருவது.
- பச்சை: பொதுமக்களின் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கக்கூடியவர் பற்றி எச்சரிப்பது.
- மஞ்சள்: காணாமல் போனோரைக் கண்டறிவதற்கானது.
- கருப்பு: அடையாளம் தெரியாத உடல்கள் பற்றியது.
- செம்மஞ்சள்: உடனடி ஆபத்தை விளைவிக்கக்கூடிய நிகழ்வு, பொருள் அல்லது நபர் பற்றி எச்சரிப்பது.
- ஊதா: குற்றம் புரியும் முறைகள், கருவிகள், மறைவிடங்கள் பற்றியது.
- வெள்ளி: குற்றத்தின் வழி ஈட்டிய சொத்துகளைக் கண்டறிவதற்கானது. 2025 சனவரியில் இத்தாலியின் வேண்டுகோளின்பேரில் முதன்முதலாகச் சோதனை முறையில் வெளியிடப்பட்டது.

இவற்றுடன், பாதுகாப்பு அவையின் தடைப்பட்டியலில் உள்ளோருக்கான சிறப்பு அறிவிப்பு 2005 இல் உருவாக்கப்பட்டது. பட்டியலிடப்பட்டோரின் சொத்து முடக்கம், பயணத் தடை, ஆயுதத் தடை ஆகியவற்றை இது காவல்துறைகளுக்கு அறிவிக்கிறது.

சிவப்பு அறிவிப்பு பன்னாட்டுப் பிடியாணை அன்று. அதற்கு என்ன சட்ட மதிப்பு அளிப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தனது சட்டப்படி முடிவு செய்கிறது. அதனால் ஒரு நாட்டில் கைதுக்குக் காரணமாகும் அறிவிப்பு, மற்றொரு நாட்டில் வெறும் தகவலாகவே கருதப்படலாம்.

பயண ஆவணத் தரவுத்தளம்

திருடப்பட்ட, தொலைந்துபோன பயண ஆவணங்களுக்கான தரவுத்தளம் 2002 இல் தொடங்கப்பட்டது. போலிப் பெயரில் எல்லை கடப்பதற்கு இத்தகைய கடவுச்சீட்டுகள் பயன்படுவதே இதற்குக் காரணம். ஓர் ஆவணத்தை வழங்கிய நாடு மட்டுமே அதன் விவரத்தை இதில் சேர்க்க முடியும். எல்லையில் உள்ள அதிகாரி கடவுச்சீட்டின் எண்ணைச் செலுத்தினால், அது தொலைந்ததாகப் பதிவாகியுள்ளதா என்பது சில நொடிகளில் தெரியும். பதிவாகியிருந்தால், அதனை வழங்கிய நாட்டிடம் உறுதிசெய்த பின்னரே நடவடிக்கை எடுக்கப்படும்.

2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பெய்சிங் நோக்கிச் சென்ற எம்எச்370 விமானம் காணாமல் போனது. அதில் இருவர் ஆஸ்திரிய, இத்தாலியக் கடவுச்சீட்டுகளில் பயணம் செய்திருந்தனர். அவ்விரண்டும் தாய்லாந்தில் 2012, 2013 ஆம் ஆண்டுகளில் திருடப்பட்டவை. திருடப்பட்டபின் இத்தரவுத்தளத்தில் சேர்க்கப்பட்டவை. ஆயினும் அதன் பின்னர் எந்த நாடும் அவற்றைத் தரவுத்தளத்தில் சரிபார்க்கவில்லை என்று இன்டர்போல் அறிவித்தது. அவ்விருவரும் ஈரான் நாட்டு இளைஞர்கள் என்பதும், அவர்களுக்குப் பயங்கரவாதக் குழுக்களுடன் தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை என்பதும் பின்னர் தெரியவந்தன.

அப்போது தரவுத்தளத்தில் 167 நாடுகள் அளித்த சுமார் 4 கோடிப் பதிவுகள் இருந்தன. எனினும் 2013 ஆம் ஆண்டில் மட்டும் நூறு கோடிக்கும் மேற்பட்ட முறை பயணிகள் இச்சோதனை இன்றியே விமானம் ஏறியதாக இன்டர்போல் கூறியது. 2014 மே மாதத்தில் விமான நிறுவனங்களே பயணியின் ஆவணத்தைச் சரிபார்க்க உதவும் திட்டம் மலேசியாவின் ஏர் ஏசியா நிறுவனத்துடன் சோதனை முறையில் தொடங்கப்பட்டது.

தவறான பயன்பாடு

எல்லா நாடுகளும் தகவல் சேர்க்கக்கூடிய ஓர் அமைப்பில், அரசுகள் தம் எதிர்ப்பாளர்களைத் துரத்துவதற்கும் அதனைப் பயன்படுத்த முடியும். பகுரைன் நாட்டுக் கால்பந்து வீரர் ஹக்கீம் அல் அரைபி ஆஸ்திரேலியாவில் ஏதிலியாக ஏற்கப்பட்டவர். 2018 நவம்பரில் பாங்காக் சென்றடைந்தபோது, பகுரைன் கோரிய சிவப்பு அறிவிப்பின்பேரில் தடுத்துவைக்கப்பட்டார். ஏதிலி ஒருவர்மீது, அவர் தப்பி வந்த நாட்டின் வேண்டுகோளின்பேரில் அறிவிப்பு வெளியிடக்கூடாது என்பது இன்டர்போலின் கொள்கையாகும். அறிவிப்பு சில நாட்களில் நீக்கப்பட்ட போதிலும், அவர் 2019 பெப்ரவரி 11 அன்றே விடுவிக்கப்பட்டார். அவருடைய ஏதிலி நிலை பற்றிய தகவல் ஆஸ்திரேலியத் துறைகளுக்குள்ளேயே உரிய நேரத்தில் பகிரப்படாததும் இதற்கு ஒரு காரணமாயிற்று.

இத்தகைய தவறுகளைக் குறைக்க, சிவப்பு அறிவிப்புகளை வெளியிடுமுன் ஆராயும் தனிக்குழு செயல்படுகிறது. தம்மைப் பற்றிய பதிவை அறியவும், திருத்தவும், நீக்கக் கோரவும் விரும்புவோர் கோப்புகள் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம். இவ்வாணையத்துக்கான புதிய விதிகள் 2017 இல் நடைமுறைக்கு வந்தன. அறிவிப்பு நீக்கப்பட்டாலும், ஒரு நாடு ஏற்கெனவே தன் சொந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட தகவல் அங்கே தங்கிவிடக்கூடும்.

இந்தியா

இந்தியாவில் மத்தியப் புலனாய்வுச் செயலகம் தேசிய மத்தியப் பணியகமாகச் செயல்படுகிறது. மாநிலக் காவல்துறைகள் இதன் வழியாகவே இன்டர்போலை அணுகுகின்றன. அக்கோரிக்கைகளை இணையவழியில் அனுப்புவதற்கான பாரத்போல் தளம் 2025 சனவரியில் தொடங்கப்பட்டது. இன்டர்போலின் பொதுச்சபை 1997 இலும் 2022 இலும் புதுதில்லியில் கூடியது.

2008 நவம்பரில் மும்பை தாக்குதல் நிகழ்ந்த அடுத்த மாதம், இன்டர்போலின் அன்றைய பொதுச்செயலாளர் ரொனால்டு நோபிள், அத்தாக்குதல் குறித்து இந்தியாவிடமிருந்து தம் அமைப்புக்குத் தகவல் வரவில்லை என்றும், ஊடகங்களின் வழியாகவே அறிந்ததாகவும் இசுலாமாபாத்தில் தெரிவித்தார். உறுப்பு நாடு அளித்தாலன்றி இன்டர்போலிடம் தகவல் இராது என்பதை இது காட்டுகிறது.

இலங்கை

தகவல் கிடைத்தும் அதன்மேல் செயல்படாமையின் விளைவுக்கு 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் எடுத்துக்காட்டாகும். தேவாலயங்களும் விடுதிகளும் தாக்கப்பட்டதில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தாக்குதல் நடைபெறக்கூடும் என்ற எச்சரிக்கை, ஏப்ரல் மாதத் தொடக்கத்திலேயே இந்தியாவிடமிருந்து இலங்கையின் அரச புலனாய்வுச் சேவைக்குக் கிடைத்திருந்தது. இது இன்டர்போலின் வழியாக அன்றி, உளவுத்துறைகளுக்கு இடையே நேரடியாக வந்த தகவலாகும். தாக்குதலின் பின்னர் இன்டர்போல் தன் நிபுணர் குழு ஒன்றை இலங்கைக்கு அனுப்பியது.

2023 சனவரியில் இலங்கை உயர் நீதிமன்றம், எச்சரிக்கை இருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. காவல்துறையிலும் உளவுத்துறையிலும் உயர் பொறுப்பு வகித்தவர்கள் சிலரும் இழப்பீடு செலுத்துமாறு பணிக்கப்பட்டனர்.

வரம்புகள்

இத்தகவல் பகிர்வு நான்கு இடங்களில் தடைப்படுகிறது. தகவலை வைத்திருக்கும் நாடு அதனைத் தராமல் இருக்கலாம். தந்த தகவல் தவறாகவோ உள்நோக்கம் உடையதாகவோ இருக்கலாம். சரியான தகவலை எல்லையில் எவரும் சரிபார்க்காமல் விடலாம். சரியான இடத்தை அடைந்த எச்சரிக்கையும் நடவடிக்கையின்றிக் கிடக்கலாம். உளவு மூலங்கள் வெளிப்பட்டுவிடும் என்ற அச்சத்தால், நாடுகள் தம் மிக முக்கியமான தகவல்களை 196 நாடுகளுக்கும் பொதுவான இவ்வமைப்பில் இடாமல், தாம் நம்பும் நாடுகளுடன் மட்டும் நேரடியாகப் பகிர்ந்துகொள்வதும் உண்டு.