உடா நிறுத்திய கம்பிகள்

மொட்டைமாடியில் குழாய் உச்சியில் மீன்முள் மாதிரி நிற்குமே பழைய டிவி ஆண்டெனா, அதில் வயர் இறங்குவது ஒரே ஒரு கம்பியிலிருந்துதான். மற்றக் கம்பிகளுக்கு எந்த இணைப்பும் கிடையாது. சும்மா நிற்பதாகத் தோன்றும் அவற்றின் வேலையைக் கண்டறிந்தவர் ஷின்தாரோ உடா.

இடம் ஜப்பானின் செண்டாய், தொஹோகு பேரரசுப் பல்கலைக்கழகம். 1920களின் நடுவில், பேராசிரியர் ஹிதெட்சுகு யாகியின் துறையில் உடா வானொலி அலைச் சோதனைகளில் இறங்கினார். அவர் கையாண்ட ஓர் அலையின் நீளம் சுமார் 4.4 மீட்டர். அதில் பாதியளவு, ஏறக்குறைய 2.2 மீட்டர் கம்பிக்கு மின்னோட்டம் கொடுத்தால் நன்றாக அலை பரப்பும். ஆனால் சுற்றிலும் பரப்பும். பக்கத்தில் இணைப்பே இல்லாத இன்னொரு கம்பியை நிறுத்தினால், முதல் கம்பியின் அலை பட்டு அதிலும் மின்னோட்டம் எழும், அதுவும் அலை வீசும்.

சூட்சுமம் அந்தக் கம்பியின் நீளத்தில் இருக்கிறது. அலையின் பாதியளவை ஒட்டிய அந்த ஒத்ததிர்வு நீளத்தைவிடச் சற்று நீண்டால் அதில் மின்னோட்டம் பிந்தும். பின்னால் நின்று அலையைத் திருப்பிவிடும். சற்றுக் குட்டையானால் மின்னோட்டம் முந்தும். முன்னால் நின்று அலையைத் தன் திசையில் கூட்டிச் செல்லும். நூற்றுக்கு ஐந்து பங்கு வித்தியாசம் போதும், கம்பியின் குணமே மாறிவிடும். குட்டைக் கம்பிகளை வரிசையாக நட்டால் அலை ஒரே பக்கமாகக் குவிகிறது. பெரிய கோபுரமோ கூடுதல் மின்சாரமோ இல்லாமல், நீளத்தையும் இடைவெளியையும் மட்டும் திருத்தி இதைச் சாதித்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் வானொலிக்காரர்கள் இன்றும் மீட்டரைப் பார்த்தபடி கம்பியைத் துளித்துளியாக நறுக்குகிறார்கள். வெட்டியது வளராதே, அதனால் முதலில் நீளமாகவே விட்டுவைப்பார்கள்.

உடா 1926 முதல் ஜப்பானிய மொழியில் கட்டுரைகள் எழுதினார். 1928இல் யாகி ஆங்கிலத்தில் எழுதியதைத்தான் உலகம் படித்தது. அதில் அவர் உடாவின் உழைப்பைச் சொல்லியிருந்தும், காப்புரிமை யாகி பெயரில் இருந்தது. ஆண்டெனாவும் 'யாகி' ஆனது. ஜப்பான் ராணுவமோ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 1942இல் சிங்கப்பூரில் கைப்பற்றிய பிரிட்டிஷ் ரேடார் குறிப்புகளில் 'யாகி' என்ற சொல் புரியாமல், பிடிபட்ட பிரிட்டிஷ் வீரரிடமே விளக்கம் கேட்டார்கள். அது ஜப்பானியர் ஒருவரின் பெயர் என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள்.

'யாகி-உடா' என்று இரண்டு பெயரையும் சேர்த்து எழுதும் வழக்கம் பின்னால் பரவியது, அது நியாயமும்கூட. உடா 1950களில் யுனெஸ்கோ நிபுணராகப் புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்து பணியாற்றினார். அவருடைய கம்பிகள் மொட்டைமாடி ஏறக் காரணமான தொலைக்காட்சி ஒளிபரப்பு தில்லியில் தொடங்கியது 1959இல்.