அழைப்புத் திசைதிருப்பல்

அழைப்புத் திசைதிருப்பல் என்பது ஒரு தொலைபேசி எண்ணுக்கு வரும் அழைப்பை, பயனர் முன்னரே குறித்துள்ள வேறோர் எண்ணுக்கு அனுப்பும் சேவை ஆகும். பேச்சு வழக்கில் இது கால் ஃபார்வர்டிங் எனப்படுகிறது. நிலைத்த தொலைபேசி, நகர்பேசி, இணையவழித் தொலைபேசி ஆகிய மூன்றிலும் இச்சேவை உண்டு.

வகைகள்

- முழுமையான திசைதிருப்பல்: எல்லா அழைப்புகளும் உடனே மறு எண்ணுக்குச் செல்லும், முதல் தொலைபேசியில் மணி ஒலிக்காது.
- பதில் இல்லாதபோது: குறிப்பிட்ட நேரம் மணி ஒலித்த பின்னரே செல்லும்.
- இணைப்பு பயன்பாட்டில் உள்ளபோது.
- தொடர்பு கொள்ள இயலாதபோது: கருவி அணைந்திருந்தாலோ இணையம் துண்டிக்கப்பட்டாலோ செல்லும்.

இணையவழித் தொலைபேசியில் செயற்படும் விதம்

வீட்டு ஒளியிழை இணைப்புகளில் குரல் அழைப்புகள் பெரும்பாலும் சிப் எனப்படும் அமர்வுத் தொடக்க நெறிமுறையின்படி நடைபெறுகின்றன. திசைதிருப்பலை இரண்டு இடங்களில் அமைக்கலாம். வீட்டுக் கருவியில் அமைத்தால், அக்கருவியே "302" என்னும் விடையின் மூலம் புதிய எண்ணைத் தெரிவிக்கும். சேவை வழங்குநரின் வழங்கியில் அமைத்தால், அழைப்பு வீட்டை அடையும் முன்னரே திருப்பப்படக்கூடும். இரண்டு எண்கள் ஒன்றையொன்று சுட்டினால் அழைப்பு முடிவின்றிச் சுழலும். இதைத் தடுக்க, ஒவ்வொரு கோரிக்கையும் எத்தனை வழங்கிகளைக் கடக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பரிந்துரைக்கப்பட்ட தொடக்க மதிப்பு 70 ஆகும்.

மின்தடையும் திசைதிருப்பலும்

செம்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்னோட்டம் தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ட்டு மின்கலங்களிலிருந்து கம்பி வழியே வந்தது. ஆகவே வீட்டில் மின்சாரம் இல்லாதபோதும் அது இயங்கியது. ஒளியிழை மின்னோட்டத்தைக் கடத்தாது. கல்பாக்கத்தை அடுத்த புதுப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இவ்வேறுபாடு முக்கியமானது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இத்தகைய நேரங்களில் மின்சாரம் நின்றால் வீட்டுத் திசைவியும் தொலைபேசியும் அணைந்துவிடும். கருவியில் அமைத்த திசைதிருப்பலும் பயனற்றுப் போகும். வழங்கியில் "தொடர்பு கொள்ள இயலாதபோது" என்னும் வகையை முன்கூட்டியே அமைத்திருந்தால், வழங்குநரின் வலையமைப்பு இயங்கும் வரை அழைப்புகள் நகர்பேசிக்குச் சென்று சேரும்.

அமைக்கும் முறை

வழங்குநரின் செயலி, கணக்குப் பக்கம் அல்லது சுழற்றும் குறியீடு மூலம் அமைக்கலாம். நிலைத்த இணைப்புகளின் குறியீடுகள் வழங்குநருக்கு வழங்குநர் மாறுபடும். அமைத்த பின் மூன்றாவது தொலைபேசியிலிருந்து அழைத்துச் சோதித்தல் நன்று. கருவியின் மின்னிணைப்பைத் துண்டித்தும் ஒருமுறை சோதித்தால், அமைப்பு எங்கே உள்ளது என்பது தெளிவாகும். திருப்பப்பட்ட அழைப்புக்குக் கட்டணம் இருப்பின், அது வழக்கமாகத் திசைதிருப்பியவரையே சாரும்.

மோசடிகள்

கருவி அணைந்தாலும் நீடிக்கும் இப்பண்பை மோசடியாளர்களும் பயன்படுத்துகின்றனர். தொலைபேசி நிறுவன ஊழியர் போலப் பேசி, *401* எனத் தொடங்கி ஓர் எண்ணுடன் முடியும் குறியீட்டை நகர்பேசியில் அழுத்தச் செய்வர். அதன்பின் குரல் அழைப்பாக வரும் ஒருமுறைக் கடவுச்சொற்கள் அவர்களைச் சென்றடையும். குறுஞ்செய்திகள் இவ்வாறு திரும்புவதில்லை. நகர்பேசியை அணைத்து இயக்குவதால் இது நீங்காது. இதனால் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை, யு.எஸ்.எஸ்.டி வழியிலான திசைதிருப்பலை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்குமாறு நிறுவனங்களுக்கு ஆணையிட்டது.

ஜி.எஸ்.எம் தரநிலையின்படி *#21# முழுமையான திசைதிருப்பலின் நிலையைக் காட்டும். ##002# எல்லாத் திசைதிருப்பல்களையும் நீக்கும். பண இழப்பு நேர்ந்தால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணில் முறையிடலாம்.