மன்றத்தில் யார் மூத்தவர்? – 9: வேலூரின் காலி நாற்காலி

(சென்ற வாரம்: 1970-இல் ஒரே தேர்தலில் வென்று பிரிட்டிஷ் மக்களவைக்குள் நுழைந்தவர்கள் கென்னத் கிளார்க்கும் டென்னிஸ் ஸ்கின்னரும். 2017-இல் ‘அவையின் தந்தை’ பட்டம் கிளார்க்குக்குப் போனது. 47 வருடங்களுக்கு முன் உறுதிமொழி எடுக்கும்போது ஸ்கின்னரை அவர் முந்தியிருந்தார், அவ்வளவுதான் காரணம்.)

2019 ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை. பிரசாரம் ஓயும் மாலை. நாளை மறுநாள் வாக்குப்பதிவு. வேலூரில் பூத் சிலிப் கொடுத்து முடித்து, கட்சிக்காரர்கள் மூச்சு விட்ட நேரத்தில் டெல்லியிலிருந்து செய்தி வந்தது. வேலூர் நாடாளுமன்றத் தொகுதிக்குத் தேர்தல் இல்லை.

தேர்தல் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்றுக் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அறிவிக்கையை ரத்து செய்திருந்தார். அந்த மாதத் தொடக்கத்தில் காட்பாடிப் பக்கம் ஒரு கிடங்கில் நடந்த வருமான வரிச் சோதனையில் 11 கோடி ரூபாய்க்கும் மேல் ரொக்கம் சிக்கியிருந்தது. பண விவகாரத்துக்காக ஒரு மக்களவைத் தேர்தலே ரத்தானது நாட்டில் அதுவே முதல் முறை.

ஆம்பூர்க்காரர்களுக்குக் கூடுதல் குழப்பம். அவர்களுக்கு அன்று இரண்டு ஓட்டு: நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு ஒன்று. இடைத்தேர்தல் திட்டமிட்டபடி நடக்கும் என்று ஆணையம் சொல்லிவிட்டது. குடியாத்தத்திலும் அதே நிலை. ஏப்ரல் 18 அன்று தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள் வரிசையில் நின்று, ஒரே ஒரு மெஷினில் பொத்தானை அழுத்திவிட்டு, மை வைத்த விரலோடு வெளியே வந்தார்கள். சென்னைக்கு எம்.எல்.ஏ. கிடைத்தார். டெல்லிக்கு ஆள் இல்லை.

ஜூன் 17-ஆம் தேதி 17-ஆவது மக்களவை கூடியது. பிரதமர், அமைச்சர்கள், பிறகு ஆங்கில அகரவரிசையில் மாநிலங்கள். தமிழ்நாட்டின் முறை மறுநாள் வந்தது. 39 பேர் போயிருக்க வேண்டிய இடத்தில் 38 பேர்தான் உறுதிமொழி எடுத்தார்கள்.

ஒரு நாற்காலி கொஞ்ச நாள் காலியாகக் கிடந்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். அந்தக் கூட்டத்தொடரில் என்னென்ன நடந்தது என்று பாருங்கள்.

ஜூலை 5-ஆம் தேதி நிர்மலா சீதாராமன் தன் முதல் பட்ஜெட்டைப் படித்தார். பச்சைத் தோலுக்கும் அரைப்பதத் தோலுக்குமான ஏற்றுமதி வரியைச் சீரமைக்கும் அறிவிப்பு அதில் இருந்தது. தோல் விலை ஏறி இறங்கினால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வீடுகளில் சம்பளம் ஏறி இறங்கும். ஆனால் அந்தத் தொகுதிக்காக எழுந்து நல்லது கெட்டது சொல்ல ஆள் இல்லை. ஜூலை 25-ஆம் தேதி முத்தலாக் மசோதா மக்களவையில் நிறைவேறியது. இஸ்லாமியர் கணிசமாக வாழும் இந்தத் தொகுதியிலிருந்து ஆதரித்தும் ஒரு ஓட்டு இல்லை, எதிர்த்தும் ஒரு ஓட்டு இல்லை.

கடைசியில் வேலூருக்குத் தேர்தல் வந்தது, ஆகஸ்ட் 5-ஆம் தேதி. வாணியம்பாடியில் மக்கள் வரிசையில் நின்ற அதே நாளில், மாநிலங்களவையில் அமித் ஷா 370-ஆவது பிரிவைப் பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்தார். மறுநாள் மக்களவையும் அதை ஏற்றது. அன்றே அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. வேலூரின் வாக்குகள் அப்போது பெட்டிக்குள் இருந்தன!

எண்ணியது ஆகஸ்ட் 9. இரட்டை இலையில் நின்ற புதிய நீதிக் கட்சித் தலைவர் ஏ.சி.சண்முகம் ஆரம்பத்தில் முன்னால் போனார். பிறகு வாணியம்பாடியும் ஆம்பூரும் கணக்கை மாற்றின. தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 4,85,340 வாக்குகள், சண்முகம் 4,77,199. வித்தியாசம் 8,141.

வென்றாயிற்று. உறுதிமொழி எடுக்க அவை வேண்டுமே? எடுக்காமல் உள்ளே உட்கார்ந்தால் அரசியல் சாசனத்தின் 104-ஆம் பிரிவு நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் போடும். குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கிய நவம்பர் 18 அன்றுதான் வேலூர் உறுப்பினர் உறுதிமொழி எடுத்தார். மற்ற தமிழக உறுப்பினர்கள் எடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

லண்டன் கணக்குப்படி பார்த்தால் அவர் அந்த வரிசையின் வாலில் நிற்க வேண்டியவர். அங்கே சில நிமிடங்கள்கூட 47 வருடம் கழித்துப் பேசும். அமெரிக்க செனட்டில் இன்னும் நுணுக்கம்: ஒரே நாளில் பதவியேற்றவர்களில் யார் முன்பு செனட்டராக இருந்தார், யார் ஆளுநராக இருந்தார் என்று பார்த்து, எதிலும் பிரிக்க முடியாவிட்டால் மாநிலத்தின் மக்கள்தொகை வரை போவார்கள்.

இந்தியாவில்? இங்கே ‘எத்தனை முறை ஜெயித்தார்’ என்பதுதான் கேள்வி. முதல் நாள் நுழைந்தவருக்கும் ஒன்றுதான், ஐந்து மாதம் தாமதித்தவருக்கும் ஒன்றுதான். அந்த 8,141 வாக்குகள் மட்டும் மாறி விழுந்திருந்தால் நவம்பர் 18 அன்று உள்ளே வந்திருக்கக்கூடியவர் புதுமுகமே அல்ல. சண்முகம் 1984-இல் இதே வேலூரில் வென்றவர். முதல் நாளிலிருந்து உட்கார்ந்திருந்த முதல்முறை உறுப்பினர்கள் அத்தனை பேரையும் அவர் ஒரே நாளில் தாண்டியிருப்பார், நடுவில் 35 வருடம் இடைவெளி விட்டு!

அந்த இடைவெளியைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா? ஐந்து வருடம் கழித்து டெல்லியை இரண்டாக்கிய கேள்வி இதுதான்.

வேலூர்க்காரர்களுக்கு இடைவெளி புதிதல்ல. 1962-இல் ஆம்பூர் தோல் வணிகர் டி.அப்துல் வாஹித் காங்கிரஸில் வென்றார். 1980-இல் ஏ.கே.ஏ.அப்துல் சமது. அவர் 1984-இல் இல்லை, 1989-இல் மறுபடியும் வந்தார். என்.டி.சண்முகம் 1998, 1999 என இரண்டு முறை. இந்தத் தொகுதி யாரையும் மூன்றாம் முறை டெல்லிக்கு அனுப்பியதே இல்லை.

பக்கத்து வீட்டுக் கதை வேறு. கதிர் ஆனந்தின் தந்தை துரைமுருகனின் காட்பாடி, மக்களவைக் கணக்கில் அரக்கோணத்தில் சேரும். 1971-இல் முதல் வெற்றி. 1984-இலும் 1991-இலும் அவர் சட்டமன்றத்துக்குப் போகவில்லை. 2021-இல் எழுநூற்றுச் சொச்சம் ஓட்டில் தப்பித்துப் பத்தாவது முறையாக உள்ளே போனார். இரண்டு இடைவெளி இருக்கிறதே, எப்படி மூத்தவர் என்று கோட்டையில் யாரும் கேட்கவில்லை. அவர் அமைச்சரானதால் தற்காலிக சபாநாயகர் வேலை கு.பிச்சாண்டிக்குப் போனது.

அந்தத் தற்காலிக சபாநாயகர் நாற்காலியில்தான் மூப்பு என்பது கண்ணால் பார்க்கிற பொருளாகிறது. புதிய மக்களவை கூடும் கணத்தில் பழைய சபாநாயகர் விலகிவிடுவார், துணை சபாநாயகரும் இருக்கமாட்டார். உறுதிமொழி எடுத்து வைக்கவும் சபாநாயகர் தேர்தலை நடத்தவும் ஒருவர் வேண்டும். 95(1)-ஆம் பிரிவு சொல்வதெல்லாம், குடியரசுத் தலைவர் நியமிக்கும் உறுப்பினர் அந்தப் பணியைச் செய்வார் என்பதுதான். அவர் மூத்தவராக இருக்க வேண்டும் என்பது வழக்கம். பட்டியலைத் தயாரிப்பதும் பெயரை முடிவு செய்வதும் அரசாங்கத்தின் பக்கம்.

வழக்கம் என்ன சொல்லியது? 1991 முதல் 1999 வரை நான்கு மக்களவைகளைத் தொடங்கிவைத்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் இந்திரஜித் குப்தா. பதினோரு முறை வென்றவர், ஆனால் 1977-இல் தோற்றவர். 2004-இல் சோம்நாத் சாட்டர்ஜி. அவரை 1984-இல் ஜாதவ்பூரில் மம்தா பானர்ஜி தோற்கடித்திருந்தார். 2014-இல் பா.ஜ.க. அரசே தேர்ந்தெடுத்த கமல்நாத்துக்கும் 1996-இல் ஓர் இடைவெளி உண்டு. மூவருமே தொடர்ந்து வென்றவர்கள் அல்ல. முன்னாள் எம்.பி.க்களுக்கான பென்ஷனும் விட்டு விட்டு இருந்த காலத்தையெல்லாம் கூட்டித்தான் பார்க்கிறது.

2019-இல் லேசாக ஒரு சறுக்கல். எட்டு முறை வென்ற மேனகா காந்தி அமைச்சராக இல்லாமல் அவையில் இருந்தார். நாற்காலி ஏழு முறை வென்ற வீரேந்திர குமாருக்குப் போனது. இருவரும் ஆளும் தரப்பு, அதனால் பெரிய சத்தமில்லை.

சத்தம் 2024 ஜூன் 20 அன்று கிளம்பியது. கேரளத்தின் மாவேலிக்கரை உறுப்பினர் கொடிக்குன்னில் சுரேஷ், காங்கிரஸ், எட்டு முறை. 1998-இலும் 2004-இலும் தோற்றவர். ஒடிசாவின் கட்டாக் உறுப்பினர் பர்த்ருஹரி மஹ்தாப், ஏழு முறை. 1998 முதல் ஒரு முறையும் தோற்காதவர், அந்த ஆண்டுதான் பிஜு ஜனதா தளத்திலிருந்து பா.ஜ.க.வுக்கு வந்தவர். நாற்காலி மஹ்தாபுக்கு என்றது அரசு. சுரேஷின் எட்டு தொடர்ச்சியானதல்ல, மஹ்தாபின் ஏழு தொடர்ச்சியானது என்றார் நாடாளுமன்ற விவகார அமைச்சர் கிரண் ரிஜிஜு. தலித் தலைவர் என்பதால் சுரேஷ் ஒதுக்கப்பட்டார் என்றது காங்கிரஸ்.

இந்திரஜித் குப்தாவுக்கு நான்கு முறை குறுக்கே வராத இடைவெளி சுரேஷுக்கு மட்டும் வந்தது. நம் நாட்டில் மூப்பை அளக்கும் கோல் அளப்பவர் கையில்தான் இருக்கிறது. அன்று அது எல்லோர் கண்ணிலும் பட்டது.

ஜூன் 24, காலை. மஹ்தாபுக்கு உதவியாக ஐந்து பேர் நியமிக்கப்பட்டிருந்தார்கள். சுரேஷ், தி.மு.க.வின் டி.ஆர்.பாலு, திரிணமூலின் சுதீப் பந்தோபாத்யாய ஆகிய மூவரும் அந்த நாற்காலிகளில் உட்கார மறுத்தார்கள். மறுநாள் அமைச்சர் ராஜ்நாத் சிங் அறையில் சபாநாயகர் தேர்வு பற்றிச் சமரசப் பேச்சு. துணை சபாநாயகர் பதவி எதிர்க்கட்சிக்கு உண்டா என்பதற்கு உறுதி கிடைக்கவில்லை. பாலுவும் காங்கிரஸின் கே.சி.வேணுகோபாலும் எழுந்து வெளியே வந்தார்கள். வேட்புமனுவுக்குக் கெடு நண்பகல் 12 மணி.

சபாநாயகர் பதவிக்குப் போட்டி என்பதே அரிது. கெடு முடிய நிமிடங்களே இருந்தபோது ஆளும் தரப்பின் வேட்பாளர் ஓம் பிர்லாவை எதிர்த்து ஒரு மனு உள்ளே போனது. வேட்பாளர் பெயர்: கொடிக்குன்னில் சுரேஷ்!

தேர்தலை நடத்த வேண்டியவர் மஹ்தாப். இரண்டாம் இடத்தில் இருந்தவர் என்று எதிர்க்கட்சிகள் சொன்னவர் மேலே, முதலிடத்தில் இருந்தவர் என்று அவர்கள் சொன்னவர் கீழே. ஜூன் 26 காலை 11 மணிக்கு அவை கூடியது. குரல் வாக்கெடுப்பு. ‘ஆம்’ என்ற சத்தமும் ‘இல்லை’ என்ற சத்தமும் மோதின. பிர்லா வென்றார் என்று மஹ்தாப் அறிவிக்க வாயெடுத்தார். எதிர்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து ‘டிவிஷன்’ என்று உரக்கக் கேட்டால் போதும், தலை எண்ணியே தீரவேண்டும்.

கேட்டார்களா?

(தொடரும்)