உப்பிட்டவர் யார்?

2012 ஆகஸ்டில் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் சரிந்ததை நம் கொங்கு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். டெபாசிட் கட்டினால் குஞ்சு தருவோம், மாதாமாதம் பராமரிப்புத் தொகை தருவோம், வருடக் கடைசியில் போனசும் உண்டு என்றார்கள். சினிமா நடிகர்கள் டிவியில் தோன்றிச் சிபாரிசு செய்தார்கள். கடைசியில் வழக்குகள் கோவை டான்பிட் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தன.

அங்கே ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது விளம்பரம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நடிகர் சும்மா வந்து பேச மாட்டார் என்பதும் தெரியும். விளம்பரம் என்றே தெரியாமல் வரும் விளம்பரம் அதைவிடப் பொல்லாதது.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்நாட்டுக் கதை ஒன்று என் நினைவுக்கு வருகிறது. ஜார் மன்னர் காலத்தில் ருசிய அரசு பிரான்சில் கடன் பத்திரங்களை விற்றது. சிறுகச் சிறுகச் சேமித்த எளிய குடும்பங்கள் அவற்றை வாங்கின. பாரிஸ் பத்திரிகைகள் ருசியாவின் நிதிநிலையைப் புகழ்ந்து எழுதிக்கொண்டே இருந்தன. 1918இல் புரட்சி அரசு அந்தக் கடன்களைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தது.

1923 டிசம்பரில் 'லுமானித்தே' நாளிதழ் சில கடிதங்களை வெளியிடத் தொடங்கியது. பாரிசில் ருசிய நிதியமைச்சகத்தின் பிரதிநிதியாக இருந்த ஆர்தர் ரஃபலோவிச் எழுதியவை அவை. எந்தெந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு பணம் போனது என்பதெல்லாம் அவற்றில் இருந்தது. செய்தி என்று மக்கள் நம்பிப் படித்தது கூலிக்கு எழுதிய எழுத்து. ருசியா ஒரு பகுதியைத் தர ஒப்புக்கொண்டது 1990களில்தான். அதற்குள் பத்திரம் வாங்கிய தலைமுறையே போய்விட்டது.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பார்கள். உப்புத் தின்ற வாய் குறை சொல்லக் கூசும். அது மனித சுபாவம். அதனால்தான் அரசு ஊழியர் நடத்தை விதிகளில் பரிசுப் பொருளுக்கென்றே ஒரு விதி உண்டு. கல்யாணத்துக்கு வந்த பரிசானாலும், குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டினால் மேலிடத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். என்னைப் போன்ற எழுத்தர்களுக்கு இது பழகிய சங்கதி.

இப்போது யூடியூபில் பேசுகிறவர்களுக்கும் அந்த நியாயம் வந்திருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, ஓட்டல் தங்கல், பயணச் செலவு எது வாங்கியிருந்தாலும் எளிய மொழியில் சொல்லியாக வேண்டும். வீடியோ என்றால் எழுத்திலும் காட்ட வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. பிரான்சும் அதே 2023 ஜூனில் இதற்கென்று தனிச் சட்டம் போட்டது.

காசு வாங்கிக்கொண்டு புகழ்வதை யாரும் தடுக்கவில்லை. வாங்கினேன் என்று சொல்லிவிட்டால் போதும். அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதைக் கேட்பவர் முடிவு செய்துகொள்வார். ஓய்வூதியப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் நம் வயதுக்காரர்கள், மூட்டுவலித் தைலமோ மனை விற்பனையோ யாராவது உருகி உருகிப் பேசினால், அவருக்கு உப்பிட்டவர் யார் என்று முதலில் விசாரியுங்கள்.